அமைச்சருக்குப் போன கடிதம் என் மேசைக்கு வந்தது

கடிதத்தின் மேல் ஏழு முத்திரைகள் இருந்தன, எண்ணிப் பார்த்தேன். 1992-ஆம் ஆண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு மாவட்டப் பொதுப்பணி இலாகாவில் நான் டெக்னீஷியன். ஜே.கே.ஆர். என்று சொன்னால்தான் எங்கள் பக்கம் குழந்தைக்கும் புரியும். காலையில் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "உங்களுக்குத்தான், கோலாலம்பூரிலிருந்து" என்றார். முத்திரைகளுக்கும் குறிப்புகளுக்கும் அடியில், பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டிலிருந்து கிழித்த தாளில், நீல மையில், கோணல் இல்லாத கையெழுத்தில் தமிழ்க் கடிதம் ஒன்று இருந்தது.

"மாண்புமிகு பொதுப்பணி அமைச்சர் சாமிவேலு ஐயா அவர்களுக்கு. எங்கள் தோட்டத்து மதகு உடைந்து எட்டு மாதமாகிறது. மழை பெய்தால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும்."

எழுதியவரின் தோட்டத்துக்கும் என் அலுவலகத்துக்கும் பதினோரு கிலோமீட்டர். அந்தப் பதினோரு கிலோமீட்டரைக் கடக்கக் கடிதத்துக்கு நான்கரை மாதம் ஆகியிருந்தது.

கோப்பைப் புரட்டியபோது காரணம் தெரிந்தது. முதலாவது, சாமிவேலு அப்போது பொதுப்பணி அமைச்சரே இல்லை. 1979-இலிருந்து பத்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவர், 1989-இல் எரிசக்தி, தொலைத்தொடர்பு, தபால் அமைச்சுக்கு மாறிவிட்டார். அங்கே இருந்த சரவாக்கின் லியோ மோகி பொதுப்பணிக்கு வந்தார். 1995-இல் இருவரும் மறுபடி இடம் மாறினார்கள். இதெல்லாம் தோட்டத்துக்கு எப்படித் தெரியும்? அங்கே ரோடு என்றால் சாமிவேலு, சாமிவேலு என்றால் ரோடு. கடிதம் ஓர் அமைச்சுக்குப் போய், அங்கிருந்து இன்னோர் அமைச்சுக்குத் திருப்பப்பட்டிருந்தது.

இரண்டாவது காரணம் இதைவிட வேடிக்கை. வழியில் யாரோ ஒரு நல்ல மனிதர் கடிதத்தை மலாய்க்கு மொழிபெயர்த்து இணைத்திருந்தார். பெரியவர் மதகு என்று எழுதியது, சாலைக்குக் குறுக்கே அடியில் தண்ணீர் போகும் குழாய் வழியை. மொழிபெயர்த்தவர் ஏரி மதகு என்று எடுத்துக்கொண்டு 'பிந்து ஆயர்', அதாவது நீர்க்கதவு, என்று எழுதிவிட்டார். அகராதிப்படி தவறில்லை. ஆனால் நீர்க்கதவைப் பார்ப்பது வேறு இலாகா. கோப்பு அங்கே போய் ஆறு வாரம் விருந்தாடிவிட்டு, "எங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு நீர்க்கதவு இல்லை" என்ற குறிப்போடு வெளியே வந்திருந்தது.

அன்றைக்கே என் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்தேன். கேட்க வருகிறவர்களுக்கு இன்றும் அதையே சொல்கிறேன். அமைச்சருக்கு எழுதுவதாக இருந்தால் மலாயில் எழுதுங்கள், தமிழ்ப் பிரதியை வேண்டுமானால் கூட இணையுங்கள். ஆளின் பெயரைப் போடாமல் பதவியை மட்டும் போடுங்கள். 1983 முதல் 2019 வரை, முப்பத்தாறு ஆண்டில், நான் ஆறு பொதுப்பணி அமைச்சர்களைப் பார்த்துவிட்டேன்.

பெரியவரை வரச் சொல்லி ஆள் விட்டேன். அடுத்த நாளே வந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, பையில் இன்னொரு பிரதி. அமைச்சர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். என் மேசையையும், அதன் மேல் கிடந்த டேப்பையும், சேறு காயாத பூட்ஸையும் பார்த்தவர் முகம் கொஞ்சம் வாடியது.

"தம்பி, நீங்களா பதில் சொல்லப் போகிறீர்கள்?"

"ஆமாம் ஐயா. அமைச்சருக்கு எழுதினாலும் கடைசியில் என்னிடம்தான் வரும்."

"அப்படியென்றால் அடுத்த கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். ஸ்டாம்பு காசாவது மிஞ்சும்."

கேலியா, கோபமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவரிடம் நான் சொன்ன பதில் நல்ல பதில் அன்று. அது தோட்டத்துச் சாலை, தனியார் நிலம், எங்கள் அதிகாரத்தில் இல்லை என்றேன். சட்டப்படி சரியான பேச்சு. இந்த நாட்டில் தார் போட்ட எல்லாச் சாலையும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும், முதலாளிகள் வேறு வேறு. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட கூட்டரசுச் சாலைகள் மத்திய அரசுக்குச் சொந்தம். பொதுப்பணி அமைச்சர் நேராகப் பொறுப்பேற்பது இவற்றுக்குத்தான். மாநிலச் சாலைகள் மாநில அரசுடையவை. அவற்றைப் பராமரிக்க அரசியலமைப்பிலேயே சாலை மானியம் என்று ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் கோலாலம்பூரிலிருந்து வரும், முடிவு மாநிலத் தலைநகர் ஈப்போவில் நடக்கும். குடியிருப்புக்குள் போனால் நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ வந்து நிற்கும். தோட்டத்துக்குள் போனால் தோட்ட நிர்வாகம். எங்கள் மாவட்டத்தில் ஒரு முச்சந்தி இருந்தது. மூன்று கையும் மூன்று முதலாளிகளுக்கு. குழி சரியாக நடுவில் விழுந்தது. அது மூடப்பட இரண்டு மழைக்காலம் ஆனது. அந்தக் குழியின் மேல் மூன்று அலுவலகங்கள் எழுதிய கடிதங்களைக் கிழித்துப் போட்டிருந்தால் அதிலேயே பாதி நிரம்பியிருக்கும்.

ஆகவே புகார் எழுதுவதற்கு முன் சாலை யாருடையது என்று பாருங்கள். கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணில் எழுத்து எதுவும் முன்னால் இல்லையென்றால் பெரும்பாலும் கூட்டரசுச் சாலை. 1 என்றால் ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை போகும் பழைய பெருஞ்சாலை. எழுத்து முன்னால் இருந்தால் மாநிலச் சாலை: பேராக்குக்கு ஏ, சிலாங்கூருக்கு பி, ஜொகூருக்கு ஜே. இ என்ற எழுத்து இருந்தால் விரைவுச்சாலை, அதைப் பார்த்துக்கொள்ள சலுகை நிறுவனம், அதாவது அரசோடு ஒப்பந்தம் போட்டு டோல் வசூலிக்கும் நிறுவனம், இருக்கும். "சீனர் கடைக்குப் பக்கத்தில், பெரிய மாமரத்துக்கு எதிரே" என்று எழுதிய புகார்கள் எத்தனை வந்திருக்கின்றன! கடை மாறியிருக்கும், மரம் விழுந்திருக்கும். கல் மட்டும் நிற்கும்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட்டில். இந்த நாட்டில் எங்கள் தொகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு; இரண்டு பொதுப்பணி அமைச்சர்களைக் கொடுத்த ஊர். 1960களில் துன் சம்பந்தன் பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார். 1974 முதல் 2008 வரை சாமிவேலு எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். அதனால் எங்கள் ஊரில் பொதுப்பணி அமைச்சர் பதவி என்பது ஏதோ குடும்பச் சொத்து மாதிரி. நம் ஆள் மேலே இருக்கிறார், நம் லயத்து வாசலில் ஏன் சேறு என்ற கேள்வி எல்லா வீட்டிலும் இருந்தது. அம்மா என்னைக் கேட்பார்: "நீயும் அங்கேதானே வேலை பார்க்கிறாய்? ஒரு லோரி கல் கொண்டுவந்து கொட்ட முடியாதா?"

1985 செப்டம்பரில் பினாங்குப் பாலம் திறந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நாங்கள் நான்கு பேர் ஒரு பழைய டட்சனில் போய் அதைக் கடந்தோம். 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். அன்றைக்கு ஊரில் எல்லாரும் சொன்னது, "சாமிவேலு கட்டிய பாலம்." கட்டுமானத்தில் முக்கியப் பங்கு தென்கொரியாவின் ஹியுண்டாய் நிறுவனத்துக்கு. கட்டலாம் என்று முடிவெடுத்தது அமைச்சரவை. பணம் நிதியமைச்சின் வழி வந்தது. இதையெல்லாம் நான் காரில் வரும்போது விளக்கினேன். நண்பர்கள் ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

பொதுப்பணி அமைச்சரிடம் என்னதான் இருக்கிறது? என் மட்டத்திலிருந்து பார்த்த அளவில் சொல்கிறேன். 1872-இல் தொடங்கிய ஜே.கே.ஆர். அவர் கீழே இருக்கிறது. நெடுஞ்சாலை வாரியம் 1980-இல் வந்தது, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் 1994-இல் வந்தது. சாலை எப்படிப் போட வேண்டும் என்ற தரவிதிகள் அந்தக் குடையின் கீழ்தான் எழுதப்படுகின்றன. 'அராஹான் தெக்னிக் ஜாலான்' என்ற அந்தப் புத்தக வரிசையில் 5/85 என்ற எண்ணுள்ளதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன் நான். சாலையின் அடுக்குகள் எத்தனை கனம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடும் புத்தகம் அது. ஆனால் எந்தச் சாலை இந்த ஐந்தாண்டுத் திட்டத்தில் வரும் என்பது அவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. என் காலத்தில் அவரும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு பொருளாதாரத் திட்டப் பிரிவின் வாசலிலும் கருவூலத்தின் வாசலிலும் வரிசையில் நிற்க வேண்டியவராகத்தான் இருந்தார். கம்போங்குகளுக்குப் போகும் கிராமச் சாலைத் திட்டங்களோ கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கையில்.

பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் இன்னும் குழப்பம். கட்டுவது ஜே.கே.ஆர்., கட்டச் சொல்லிப் பணம் தருவது கல்வி அமைச்சு அல்லது சுகாதார அமைச்சு. வாசல் பலகையில் எங்கள் பெயர் இருக்கும். கூரை ஒழுகினால் தலைமையாசிரியர் எங்களைத்தான் திட்டுவார். நாங்கள் போய்ப் பார்த்து, செலவுக் கணக்குப் போட்டு, கொடுத்துவிட்டு வருவோம். பணம் வந்தால்தான் ஓடு மாறும். ஒழுகும் கூரைக்குப் பொதுப்பணி அமைச்சருக்கு எழுதுவது, கல்யாணச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொல்வது மாதிரி. அவர் போட்டுவிடுவார், ஆனால் உப்பு வாங்கித் தர வேண்டியவர் பெண் வீட்டுக்காரர்.

டோல் வேறு கதை. இதில் அமைச்சரின் கையெழுத்து உண்மையிலேயே கனமானது. கூட்டரசுச் சாலைகளைத் தனியார் நிர்வகிக்க வழிசெய்யும் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், டோல் கட்டணம் வசூலிப்பதற்கான ஆணை அமைச்சரிடமிருந்து வர வேண்டும். அந்தக் கட்டணத்தின் வேர் அவர் கையெழுத்தில் இல்லை, பல ஆண்டுகளுக்கு முன் போட்ட சலுகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இவ்வளவு உயரும் என்று அதிலேயே எழுதியிருப்பார்கள். உயர்த்தாமல் தள்ளிப்போட்டால் அந்த நிறுவனத்துக்கு அரசு இழப்பீடு கொடுக்க வேண்டும். 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபோது, ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு வளைந்து வளைந்து போன காலம் முடிந்தது என்று கைதட்டினோம். அப்புறம் ஒவ்வொரு உயர்வின்போதும் ஒரே முகத்தைப் பார்த்துத் திட்டினோம். 2008 தேர்தலில் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றதற்குக் காரணங்கள் பல, இந்தியர்களின் மனக்கொதிப்பு அதில் முதன்மையானது. ஆனால் காப்பிக் கடையில் என் காதில் அதிகம் விழுந்த சொற்களில் ஒன்று டோல். 2020 பிப்ரவரியில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் நெடுஞ்சாலைக் கட்டணம் 18 விழுக்காடு குறைந்தது. அதற்காகச் சலுகைக் காலம் 2058 வரை நீட்டிக்கப்பட்டது. குறைந்ததைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். நீண்டதைப் பற்றி என் பேரன் ஐம்பது வயதில் பேசுவான்.

மாலை அணிவித்ததும் அதிகம், திட்டியதும் அதிகம் என்பதே என் எண்ணம். இரண்டுமே ஒரே தவறான கணக்கிலிருந்து வந்தவை. ஒரு மனிதர் எல்லாவற்றையும் செய்கிறார் என்ற கணக்கு.

அமைச்சருக்கு நாடு எப்படித் தெரிகிறது என்பதை ஒரு நாள் இரவில் கண்டுகொண்டேன். மக்களவை நடந்துகொண்டிருந்த காலம். மாலை நான்கரைக்குத் தொலைபேசி. எங்கள் மாவட்டத்துப் பாலம் ஒன்றைப் பற்றி ஓர் உறுப்பினர் கேள்வி போட்டிருக்கிறார். கேள்வி அமைச்சுக்கு வந்து, ஜே.கே.ஆர். தலைமையகம், மாநில அலுவலகம், மாவட்டம் என்று படியிறங்கி என்னிடம் நின்றது. நாளைக் காலையில் பதில் சொல்ல வேண்டும். இன்றிரவுக்குள் விவரம் வேண்டும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நானும் ஓட்டுநரும் போனோம். அவர் குடையைப் பிடிப்பதா, டார்ச்சைப் பிடிப்பதா என்று தடுமாறினார். நான் பாலத்தின் கரைச்சுவர் ஓரமாக இறங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று விரிசலை அளந்தேன். நீளம் எழுதினேன், அகலம் எழுதினேன், பக்கத்துக் கல்லைப் பார்த்து இடத்தை எழுதினேன்: 27.3. அலுவலகம் வந்து, ஈரச் சட்டையோடு தட்டச்சு செய்து, ஒன்பது மணிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். அதில் 23.7 என்று போய்விட்டது.

மறுநாள் அமைச்சின் சார்பில் அந்த எண்ணே அவையில் வாசிக்கப்பட்டது. நான் தண்ணீரில் நின்று அளந்த மற்ற எண்களும் வரிசை மாறாமல் வந்தன. மக்களவையில் யாரும் கவனிக்கவில்லை. எங்கள் ஊர் தேநீர்க் கடையில் கவனித்தார்கள். 23.7-இல் இருப்பது சீனர் இடுகாடு. "நம் பாலம் இடம் மாறிவிட்டதாம், சார்" என்று கடைக்காரர் சிரித்தார். பிறகு திருத்தம் எழுதி, அதற்கு விளக்கம் எழுதி, அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கமும் எழுதினேன். அதற்குப் பின் பணி ஓய்வு வரை எந்த எண்ணையும் எழுதிய கையோடு அனுப்பியதில்லை; பக்கத்தில் இருப்பவரை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபார்ப்பேன்.

உங்களுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அவரிடம் "கேள்வி போடுங்கள்" என்று கேளுங்கள். பேச்சில் குறிப்பிட்டால் போதாது; கேள்வியாகப் பதிவாக வேண்டும். கேள்வியாக வந்தால் யாரோ ஒருவன் அன்றிரவு மழையில் இறங்கியே தீர வேண்டும். கேள்வியில் சாலை எண்ணும் கிலோமீட்டரும் இருந்தால் அவன் சரியான இடத்தில் இறங்குவான்.

அமைச்சர் நேரில் வருவது இதைவிடப் பெரிய காரியம் என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் சிறிய காரியம். ஒரு வருகைக்கு முந்தின நாள் மாலை, தண்ணீர் தேங்கிய குழியில் நானே நின்று பிரிமிக்ஸ், அதாவது தார் கலந்த ஜல்லி, கொட்டி அடித்தேன். ஈரத்தில் போட்டது ஒட்டாது என்று தெரிந்தேதான் செய்தேன். வரிசைக் கார்கள் வழுக்கிக்கொண்டு போயின. மூன்றாம் நாள் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, ஒரு துண்டு மோட்டார் சைக்கிளில் போன ஒருவரின் காலில் அடித்தது. நல்லவேளை, வீக்கத்தோடு போயிற்று. அமைச்சரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் கூட்டத்தில் மனுவைத் திணித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது உதவியாளரின் பிளாஸ்டிக் பைக்குள் இன்னும் நாற்பது மனுக்களோடு சேரும். ஒரு வாரம் கழித்து அமைச்சின் அலுவலகத்தைக் கூப்பிட்டு, மனுவுக்குக் கோப்பு எண் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். எண் இல்லாத மனு, பெயர் பதியாத பிள்ளை மாதிரி. எங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மலைச்சரிவு விஷயத்தில் மட்டும் மேலிடம் உண்மையாகவே அசைந்ததைப் பார்த்திருக்கிறேன். 2003 நவம்பரில் புக்கிட் லஞ்சானில் நெடுஞ்சாலை மேல் பாறை சரிந்து விழுந்தது. பாதை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அடுத்த ஆண்டு ஜே.கே.ஆரில் சரிவுகளுக்கென்றே தனிப் பிரிவு அமைந்தது. அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்திலும் மழைக்கு முன் சரிவுகளைப் பார்த்து வரும் வேலை ஒழுங்குக்கு வந்தது. 1993-இல் மலைச்சரிவில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி இடிந்து 48 பேர் செத்த பிறகும் இப்படி ஒரு பிரிவு வரப் பத்து ஆண்டு பிடித்ததே என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. இருந்தாலும் வந்தது.

ஓய்வுக்குப் பிறகு என் சொந்தப் புகாருக்கு வருகிறேன். என் தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, வாசலில், பெருஞ்சாலையில், ஓர் இரும்பு மூடி நான்கு அங்குலம் உள்ளே இறங்கியிருந்தது. இரவில் மோட்டார் சைக்கிள்காரர்கள் விழுந்து எழுந்தார்கள். கூட்டரசுச் சாலைதானே, எனக்குத் தெரியாததா என்று என் பழைய தொழில் பெருமையோடு ஒரு கடிதம் எழுதினேன். சாலை எண், கிலோமீட்டர், அளவு, படம் எல்லாம் இருந்தன. மூன்று வாரத்தில் பதில் வந்தது: "தங்கள் புகார் எங்கள் அதிகார எல்லைக்குள் வரவில்லை." நான் முப்பத்தாறு ஆண்டு மற்றவர்களுக்கு எழுதிய அதே வாக்கியம். என் கையெழுத்துத்தான் இல்லை.

போய்க் குனிந்து பார்த்தேன். மூடியின் மேல் வார்த்திருந்த எழுத்துகள் வேறு ஒரு நிறுவனத்துடையவை. சாலை அரசுடையது, அதற்கு அடியில் போகும் குழாயும் மேலே கிடக்கும் மூடியும் இன்னொருவருடையவை. அந்த எழுத்துகளை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பியதும் பத்து நாளில் மூடி மேலே வந்தது. சாலையில் இரும்பைக் கண்டால் முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 2023-இல் பொதுப்பணி அமைச்சு மைஜாலான் என்ற கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்திருக்கிறது. படமும் இடமும் சேர்ந்தே போகின்றன. பெரியவர் காலத்தில் இருந்திருந்தால் மதகா நீர்க்கதவா என்ற சண்டையே வந்திருக்காது.

இன்னொன்று, காலம். பராமரிப்புப் பணம் ஆண்டுக் கணக்கில் வருவது. ஆண்டுத் தொடக்கத்தில் கேட்கிறவருக்கு இடம் இருக்கும். அக்டோபருக்கு மேல் கேட்டால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்பார்கள். அது பல சமயம் சாக்குப் போக்கு அன்று. பெட்டி உண்மையிலேயே காலியாக இருக்கும்.

பெரியவரின் மதகுக்கு வருகிறேன். தோட்டத்து நிலம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன் அல்லவா? கோப்பை மூட மனம் வரவில்லை என்று எழுதினால் பொய். மூட முடியவில்லை, அதுதான் உண்மை. அமைச்சர் அலுவலகத்தின் எண் இருந்ததால், நடவடிக்கை அறிக்கை போகாமல் கோப்பு மூடப்படாது. "எங்கள் எல்லைக்குள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போனேன். பொறியாளர் படித்துவிட்டு, "அளந்தாயா?" என்றார். அளக்கவில்லை. தோட்டத்து வாசல் வளைவுக்கு உள்ளே இருந்ததால் தோட்டத்துடையது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

நில அலுவலகத்திலிருந்து வரைபடம் வாங்கி வந்தோம். நம் நாட்டில் பழைய சாலைகளுக்கு ஒதுக்கிய நிலம் பல இடங்களில் ஒரு சங்கிலி அகலம், அதாவது 66 அடி. கண்ணுக்குத் தெரியும் தார் அதன் நடுவில் ஒரு பட்டை மட்டும். மாநிலச் சாலையின் நடுக்கோட்டிலிருந்து 33 அடி பிடித்துக்கொண்டு போனால், டேப்பின் நுனி தோட்டத்து வளைவைத் தாண்டி உள்ளே போயிற்று. வளைவை யாரோ எந்தக் காலத்திலோ சாலை ஒதுக்கு நிலத்துக்குள் கட்டியிருக்கிறார்கள். உடைந்த மதகில் பன்னிரண்டு அடி எங்களுடையது. பெரியவர் குட்டிச்சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னிரண்டு அடி போதுமா, தம்பி?" என்றார். உடைந்த பகுதியே பத்து அடிதான்.

அமைச்சருக்கு அந்த மதகு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தமிழில் கடிதம் போய்ச் சேர்ந்த அமைச்சரும் வேறு, பொறுப்பில் இருந்தவரும் வேறு. ஆனால் அந்தக் கோப்பு எண் மட்டும் இல்லாவிட்டால் நான் அந்தப் பன்னிரண்டு அடியை அளந்திருக்கவே மாட்டேன்.

சின்ன வேலை, அடிமட்ட வகுப்பான எஃப் வகுப்புக் குத்தகையாளர்களுக்குக் குலுக்கல் முறை. எங்கள் கூட்ட அறையில் மைலோ டின் ஒன்றில் எண் எழுதிய சீட்டுகள். பதினேழு பேர் பதிவு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வகுப்பு பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர் உள்ளிட்ட மண்ணின் மைந்தர்களுக்கு, ஒதுக்கியது; நம் ஆட்கள் அந்த வேலைகளுக்குக் கூலியாகவே வருவார்கள். சீட்டு விழுந்த இளைஞர் கெட்டிக்காரர், எட்டு நாளில் முடித்தார். 900 மில்லிமீட்டர் கான்கிரீட் குழாய்கள், இரண்டு முனையிலும் தாங்கு சுவர். சுவருக்கான கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கக் கனசதுரங்கள் எடுத்து, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்த்தேன். தேறியது. மழைக்கு முன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் மேல் நடந்தார்கள்.

கோப்பை மூடி அலமாரியில் வைத்து ஐந்து மாதம் இருக்கும். கிராணி மறுபடி ஒரு கட்டைக் கொண்டுவந்து போட்டார். "கோலாலம்பூர்" என்றார். இந்த முறை ஒன்பது முத்திரைகள். அடியில் அதே கட்டுரை நோட்டுத் தாள், அதே நீல மை. மாண்புமிகு அமைச்சர் சாமிவேலு ஐயா அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதும் மதகு வந்துவிட்டது, தோட்டத்து மக்கள் சார்பில் கோடி நன்றி என்று எழுதியிருந்தார். மேலே சிவப்பு மையில் குறிப்பு: "தக்க நடவடிக்கை எடுத்து 14 நாளில் அறிக்கை அனுப்புக."

அறிக்கை எழுதினேன். "நன்றி பெற்றுக்கொள்ளப்பட்டது. மேல் நடவடிக்கை தேவையில்லை." கையெழுத்துப் போடுமுன் இணைத்திருந்த மொழிபெயர்ப்பைப் புரட்டிப் பார்த்தேன். மதகு இந்த முறையும் நீர்க்கதவாகத்தான் இருந்தது.